ஆறாம் ஓட்டுநர்

நான் பேட்டன்ட் எழுதுகிறவள். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது அவர்களுடையதுதான், வேறு எவனும் கை வைக்கக் கூடாது என்று சட்டத்தின் பாஷையில் எழுதிக்கொடுக்க வேண்டும். அதுதான் என் பிழைப்பு. மதுரையிலிருந்து கொல்கத்தாவுக்குப் படிக்க வந்தேன். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பெஹாலாவில் குடியேறிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். பதினோரு வயது மகளுக்கும் அப்படித்தான். வீட்டில் சத்தமாகத் தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூ டவுனில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி என்னிடம் வந்தது. கார் ஓட்டுகிறவரோடு பேசிக்கொண்டே வரும் ஒரு பெட்டியைச் செய்திருந்தார்கள். அரட்டைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் என்ன வண்டி போகிறது, சிக்னல் என்ன நிறம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே வரும். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. அது கேட்டு முடித்ததற்கும் நீங்கள் வாய் திறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் அளக்கும். ஒவ்வொருத்தருக்கும் அதில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டால், ஆள் தூங்கி வழிகிறார் என்று அர்த்தம். உடனே பெட்டி அலறும், அப்புறம் காரின் வேகத்தைத் தானே குறைக்கும். வேகத்தைக் குறைக்கிற அந்தப் பகுதி மட்டும் சோதனைக்குக் கொடுத்த பெட்டிகளில் இல்லை. அவை கேட்கும், அலறும், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் விஷயம் வெளியே போய்விட்டால் அதோடு எல்லாம் போச்சு. முன்பு ஒரு கட்சிக்காரருடைய மச்சான் பெருமை தாங்காமல் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். இரண்டு வருஷத்து உழைப்பு ஒரே நாளில் மண்ணாகப் போனது. அந்தச் சூடு இன்னும் என்னிடம் இருந்தது. அதனால் இவர்களுடைய சோதனை ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ரகசியப் படிவத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டாரிடமும் சொல்லக் கூடாது. அந்த "வீட்டாரிடமும்" என் கைவண்ணம். ஓட்டுநர்களின் பெயர் எந்தத் தாளிலும் வரக் கூடாது, எண் மட்டும் போதும் என்பதையும் நான்தான் சேர்த்தேன். பதினோரு பேர், ஒன்றிலிருந்து பதினொன்று வரை. யார் யார் என்று எனக்கே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ரொம்பத் திருப்தி.

பெட்டியையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. பேட்டன்ட் படங்கள் அப்படித்தான். ஒரு கட்டம், அதற்கு எண் பத்து, அது மைக். இன்னொரு கட்டம், எண் இருபது, அது ஸ்பீக்கர். நடுவில் கோடுகள். முப்பது பக்கம் எழுதியவளுக்கு அது எந்த உருவத்தில் இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு சால்ட் லேக்கில் என் ஆபீஸ் மேஜையில், கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துர்கா பூஜை விடுமுறை முடிந்ததிலிருந்து நடந்த சோதனை. பத்து ஓட்டுநர்களின் கணக்கு ஒழுங்காக இருந்தது. ஆறாம் எண்ணை மட்டும் சிவப்பில் அடித்து, "இவரை விட்டுவிடுங்கள் தீதி, வேறு குரல் கலந்துவிடுகிறது, டேட்டா கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தான் அந்தக் கம்பெனியின் தலைவன். தலைவன் என்றாலும் இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். தங்கமான பிள்ளை, அக்கா முறை வைத்து தீதி என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

எனக்கு ஒரு பழக்கம். கண்டுபிடித்தவர்கள் எதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்களோ அதைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பேன். பாதி நேரம் நல்ல சரக்கு அந்தக் குப்பையில்தான் கிடக்கும். ஆறாம் ஓட்டுநரின் வரிசையைப் பார்த்தேன். மனிதர் டக் டக் என்று பதில் சொல்கிறவர். தூக்கக் கலக்கமே இல்லை. திடீரென்று ஒரு கேள்விக்கு ஆறு விநாடி ஒன்றுமில்லை, இன்னொரு நாள் எட்டு விநாடி. முன்னாலும் சரி பின்னாலும் சரி, பழையபடி டக் டக்தான். அந்த மௌனங்கள் சிலவற்றில் வேறொரு குரல் பதில் சொல்லியிருந்தது. அடடா, என்று எனக்குள் ஒரே குஷி. ஓட்டுநரின் குரலையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரலையும் பிரித்தறியும் பெட்டி! அதற்குத் தனியாக ஒரு உரிமை கேட்கலாமே! பென்சிலை எடுத்து வாக்கியத்தைக்கூட ஆரம்பித்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒலிப்பதிவை ஒரு தரம் கேட்டுவிடலாம் என்று காதில் மாட்டினேன்.

பெட்டி வங்காளத்தில் கேட்டது, முன்னால் என்ன போகிறது என்று. ஒரு ஆண் குரல் நல்ல வங்காளத்தில், "ஒரு மினிபஸ், அதன் பின்னால் முட்டை வண்டி" என்றது. சிக்னல் என்ன நிறம் என்று பெட்டி கேட்டது. பதில் இல்லை. ஹாரன் சத்தம், டயர் சத்தம். அப்புறம் ஒரு பெண் குழந்தையின் குரல், ரகசியமாக, தமிழில்: "அப்பா... சிவப்புப்பா. சொல்லுப்பா." அதற்கப்புறம் அதே குரல் தடித்துக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில், வங்காளத்தில், "லால்" என்றது.

எழுத ஆரம்பித்திருந்த வாக்கியத்தின் மேலேயே பென்சிலைப் போட்டேன்.

காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுபடியும் மாட்டிக் கேட்டேன். மூன்றாம் தரமும் கேட்டேன். சந்தேகமே இல்லை. அது என் மகள். மினிபஸ் என்று பதில் சொன்னவர் என் வீட்டுக்காரர். தினமும் காலையில் அவளை ஜாதவ்பூர் பக்கம் பள்ளியில் விட்டுவிட்டு நியூ டவுன் ஆபீசுக்கு அவர் ஓட்டிக்கொண்டு போகிற கார் அது. காரில் புதிதாக ஒரு சார்ஜர் செருகியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் என் போனைச் செருகி சார்ஜ் ஏற்றியிருக்கிறேன். நான் முப்பது பக்கம் எழுதிய பெட்டி அதுதான். அவர் என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? படிவம் என்றால் எழுத்துக்கு எழுத்து மதிக்கிற மனிதர். வீட்டாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் என் கட்சிக்காரர்களைப் பற்றி வீட்டில் வாயைத் திறப்பதில்லை. ஒரே வீட்டில் ஒரே சாமானைப் பற்றி இரண்டு பேரும் மாசக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அப்போதுதான் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. ரசம் ஊற்றவா மோர் ஊற்றவா என்று கேட்டால் சில நாள் கரண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "காது கேக்காத மாதிரி நடிக்காதீங்க, நான் ஒருத்தி கத்திக்கிட்டே இருக்கணுமா?" என்று எகிறுவேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது மாதிரி, "என்ன கேட்டே?" என்பார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறும். எத்தனை தடவை எகிறியிருப்பேன், கடவுளே.

மணி மூன்றே கால். வெள்ளிக்கிழமை அவருக்கு வீட்டிலிருந்து வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் அவரே போய் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவார்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கார் ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அந்தக் கம்பெனிப் பையனைக் கூப்பிட்டேன். ஆறாம் ஓட்டுநரின் கார் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"தீதி, அதை எப்படிச் சொல்றது? எந்த எண் எங்கே போகுதுன்னு யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"நான் எழுதினதை நானே கிழிச்சுப் போடறேன்! அந்தக் கார்ல இருக்கறது என் பொண்ணு! இப்பச் சொல்றியா, இல்ல அங்க வந்து உன் கழுத்தைப் பிடிக்கவா?"

பாதி வங்காளத்திலும் பாதி மதுரையிலும் கத்தினேன். ஆபீசே எழுந்து நின்றுவிட்டது. பையன் கீபோர்டைத் தட்டினான். "அன்வர் ஷா ரோட்ல, டாலிகஞ்ச் பக்கமாப் போயிட்டிருக்கு" என்றான். பள்ளியை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். ஆட்டோவும் பஸ்ஸும் பள்ளிக்கூட வேனும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகிற நேரம். எட்டு விநாடியில் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று யோசிக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பெட்டியைப் பேச வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும் தீதி. நான் இங்கே டைப் பண்ணினா அது அங்கே பேசும். என்ன டைப் பண்ணட்டும்?"

என்ன டைப் பண்ணச் சொல்வேன்? இத்தனை வருஷமாக வாக்கியம் எழுதியே சம்பாதிக்கிறவள், எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பெட்டி சொன்னால் மனிதர் பதறி நடுரோட்டில் பிரேக்கை மிதிப்பார். உங்கள் மனைவி கூப்பிடுகிறாள் என்றால் போனைத் தேடிக் குனிவார். கடைசியில், அவர் எதற்குக் கட்டுப்படுவார் என்று யோசித்துச் சொன்னேன்: "பரிசோதனை முடிந்தது, வண்டியை இடது ஓரமாக நிறுத்துங்கள் என்று போடு."

பையன் தன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்தான். காருக்குள் நடப்பது எனக்கும் கேட்டது. பெட்டி அந்த வாக்கியத்தைச் சொன்னது. அவர், "சரி, நிறுத்துகிறேன்" என்றார், வங்காளத்தில், எப்போதும் போல உற்சாகமாக. எனக்குப் பாதி உயிர் வந்தது. நிறுத்திவிட்டீர்களா என்று கேள் என்றேன். பெட்டி கேட்டது.

பதில் இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. அப்புறம் அந்தத் தடித்த குரல், என் மகளின் பெரிய மனுஷக் குரல், "ஆமாம், நிறுத்தியாச்சு" என்றது.

"நிறுத்திட்டாராம் தீதி" என்றான் பையன். உடனே, "ஆனா இங்க மேப்ல புள்ளி நகர்ந்துக்கிட்டே இருக்கே?" என்றான்.

"அது அவர் இல்லடா! அவர் பேசலடா!" என்று அலறினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நான் கத்துவது அந்தக் காருக்குப் போகாது என்று தெரிந்தும் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. கார் உள்ளே ஏதோ உரசுகிற சத்தம், பை விழுகிற சத்தம். பக்கத்து மேஜைக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் செத்தே போயிருப்பேன். அப்புறம் அவர் குரல் கேட்டது, வெகு சாதாரணமாக: "ஆங், இதோ, ஓரம் கட்டுகிறேன்." ஹேண்ட்பிரேக் இழுக்கிற சத்தம். பையன் மெதுவாகச் சொன்னான், "நின்னுடுச்சு தீதி. இப்ப நிஜமாவே நின்னுடுச்சு."

ஹாசர்டு லைட்டைப் போடுங்கள், நாங்கள் ஆள் அனுப்புகிறோம், பெட்டியைத் திரும்ப வாங்க வேண்டும், அங்கேயே இருங்கள் என்று பெட்டியைச் சொல்லவைத்தோம். அவர் இருந்தார். காத்திரு என்றால் காத்திருக்கிற மனிதர். நான் வாடகைக் காரைப் பிடித்து பைபாஸ் வழியாகப் போனேன். டிரைவரிடம், பாவம், வழி முழுக்க, "தூக்கம் வரலையே அண்ணா? நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

டாலிகஞ்ச் டிராம் டிப்போவுக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றிருந்தது. அப்பனும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு காகிதக் கூம்பில் ஜால்முரி, நம் ஊர் மசாலாப் பொரி மாதிரி, தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் விரிந்தது. "என்னடி இது, ஆபீஸை விட்டுட்டு இங்க?" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவி என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஜால்முரிக்காரர், "என்ன அண்ணி, ஆக்சிடென்டா?" என்று ஓடி வந்தார். இல்லை அண்ணா, ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குச் சொல்லும்போதுதான், ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கே உறைத்தது.

இப்போது எங்களுக்கு அதன் பெயர் தெரியும். ஒரு வகை வலிப்பாம். கை கால் இழுக்காது, விழ மாட்டார்கள், வீட்டில் கரண்ட் ஒரு நிமிஷம் போய் வருகிற மாதிரி மனசு மட்டும் போய் வரும், போய் வந்தது அவர்களுக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார். கார் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த பேட்டன்டை நான் என் சக ஊழியரிடம் தள்ளிவிட்டேன்.

ஆனால் அன்று அந்தக் காருக்குள் பெயர் எதுவும் இல்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, என் போனில் இருந்த ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மினிபஸ், முட்டை வண்டி, அப்புறம் அந்த மௌனம். அவர் கவனமாகக் கேட்டார். "நெட்வொர்க் கட் ஆயிருக்கும்" என்றார். குரலில் தெம்பு இல்லை.

"இல்லப்பா" என்றாள் மகள், கூம்பின் அடியில் இருந்த கடலையைத் தேடிக்கொண்டே. "நீ அப்பப்ப அப்படி ஆவே. நான் எட்டு எண்ணுவேன், வந்துடுவே."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்டேன். பூஜை லீவுக்கு அப்புறம் என்றாள். ஏண்டி எங்கிட்டச் சொல்லல என்றேன்.

"பெட்டியைப் பத்தி உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரே. பதில் சொல்லலைன்னா அது ஓன்னு கத்தும்மா, அப்பா ஃபெயில் ஆயிடுவாரு. அதான் நான் சொல்லிடுவேன்."

"பயமா இல்லையா உனக்கு?" என்று அவர் கேட்டார்.

"மொதல்ல இருந்துச்சு" என்றாள். "அப்பறம் பழகிடுச்சு. நேரான ரோடுன்னா ஒண்ணும் பண்ண வேண்டாம். வளைவு வந்தா மட்டும் நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுப்பேன்."

எத்தனை தடவை பிடித்தாய் என்று அவர் கேட்டார். அவள் காகிதக் கூம்பை மடியில் வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.